புழுவுக்கு விட்ட வீடு

மூன்றாவது தடவையாக “கொட்டகை முடிய இன்னும் ரெண்டே நாள்தாங்க்கா” என்று சுசித்ரா சொன்னாள். மணிமேகலை தோட்டத்துப் பக்கம் கையை நீட்டினாள். ஒரு ஏக்கர் மல்பெரி தோளுயரம் வளர்ந்து நின்றது. இலைகள் அகலமாக விரிந்து கருகருவென்றிருந்தன. அடியில் மட்டும் ஒன்றிரண்டு மஞ்சளாகத் தொடங்கியிருந்தன.

“அதுங்கிட்டப் போயிச் சொல்லு பாப்பா, ரெண்டு நாளுன்னு.”

சுசித்ரா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். கட்டடம் படிக்கிற அந்தப் பெண்ணிடம் இதுதான் பெரிய தொல்லை. திட்டினாலும் எழுதிக்கொள்வாள். களி கிண்டுவதை எழுதினாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதை எழுதினாள், மணிமேகலை ஒரு நாளைக்கு எத்தனை தடவை குனிகிறாள் என்றுகூட ஒருநாள் உட்கார்ந்து எழுதினாள். எழுதுகிற நேரத்தில் இரண்டு வரிசைச் செங்கல் வைத்திருக்கலாம் என்பது மட்டும் அவள் நோட்டில் ஏறவில்லை.

வேடியன்கொட்டாய் பாப்பாரப்பட்டியிலிருந்து பென்னாகரம் போகிற ரோட்டில் இடதுபக்கம் பிரிந்து, கரட்டுக் குன்றை ஒட்டி உள்ளே போக வேண்டிய ஊர். நாற்பது வீடு இருக்கும். வைகாசியில் அடித்த சூறைக்காற்று அந்த ஊரில் வேறு யாரையும் தொடாமல், கணக்காக மணிமேகலையின் புழு வளர்க்கிற கொட்டகைக் கூரையை மட்டும் பெயர்த்துக்கொண்டு போய்க் கிணற்றுமேட்டில் போட்டது. அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் இந்தப் பிள்ளைகள் வந்தார்கள். சென்னையில் கட்டடக்கலை படிக்கிற நான்கு பேர், ஓவியம் படிக்கிற இரண்டு பேர். இரண்டு கல்லூரியும் சேர்ந்து வகுத்த ஏற்பாடு. வகுப்பறையை விட்டு வெளியே போய், ஒரு குடும்பத்தோடு கூடவே இருந்து, அவர்களுக்கு வேண்டியதைச் சேர்ந்து கட்டிக் கொடுக்க வேண்டும். கடைசியில் பேராசிரியர்கள் வந்து பார்த்து மார்க் போடுவார்கள்.

டீக்கடையில் அவர்களைப் பார்த்த நவநீதன், அங்கேயே டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே சரி என்று சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்து, “நம்ம புழுக்கொட்டாயக் கட்டித் தராங்களாம். பழசப் பிரிச்சிரச் சொல்லிட்டேன்” என்றான்.

“என்ன ஒரு வார்த்த கேக்க வேணாமா?”

“நல்லதுதானே சொல்றேன். நல்லதுக்கு எதுக்குக் கேக்கணும்?”

அவன் சுபாவம் அது. கல்யாணமாகிப் பதினேழு வருசத்தில் அவன் அவளைக் கேட்டுச் செய்ததாக அவளுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அவன் பன்னிரண்டு வருசம் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்த்தவன். போனதும் சொல்லிவிட்டுத்தான், இரண்டு வருசத்துக்கு முன்னால் திரும்பி வந்ததும் சொல்லிவிட்டுத்தான். அந்தப் பன்னிரண்டு வருசமும் பதினைந்து நாளுக்கொரு சனிக்கிழமை ஒரு பையில் ரொட்டியும் துணியுமாக வருவான், ஞாயிறு சாயந்திர பஸ்ஸுக்குப் போய்விடுவான். விருந்தாளிக்குச் சமைக்கிற மாதிரிச் சமைத்துப் போட்டு அனுப்பினாள். மகள் சோபனா ஆறு வயசு வரைக்கும் அப்பாவைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. அந்த நாட்கள் மணிமேகலைக்கு மறுபடி வேண்டாம்.

பதினான்கு வருசமாகப் பட்டுப்புழு வளர்க்கிறவள் அவள்தான். கூரை போனதற்கு முன்னாலேயே வெயிலில் இரண்டு தடவை புழு பாதிக்குமேல் செத்துப்போனது. இரண்டாம் தடவை செத்ததை வாரிக் குழியில் கொட்டிவிட்டு வந்தபோது நவநீதன் கை கழுவிக்கொண்டே சொன்னான். “அடுத்ததும் போச்சின்னா செடியப் புடுங்கிட்டு மரவள்ளி நட்டுரலாம். நான் பெங்களூருக்கே போயிடறேன்.” பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் அவள் இந்தப் பிள்ளைகளைப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க வேண்டியது கொஞ்சமா?

முதல் எட்டு நாள் கல்லைத் தொடவில்லை. அளந்தார்கள், வரைந்தார்கள், அட்டையில் சின்னதாக ஒரு வீடு செய்து வேப்பமரத்தடியில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து டிஸ்கஷன் செய்தார்கள். ஒரு வாசல் எந்தப் பக்கம் என்பதற்கு ஒன்றரை நாள். கட்டடம் படிக்கிறவர்களுக்கும் ஓவியம் படிக்கிறவர்களுக்கும் மேற்குச் சுவர் யாருடையது என்று தகராறு. அதற்கு ஒரு டிஸ்கஷன். நடுவில் ஆளாளுக்குக் களி சாப்பிடக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. மென்று தின்னாதே, கொழம்பில் தோய்த்து விழுங்கு என்று எத்தனை சொன்னாலும் மாதவராஜ் என்ற ஓவியக்காரப் பையன் சூயிங்கம் மாதிரி அதை மென்றுகொண்டே இருந்தான்.

சுவர் எழும்பியதும் மணிமேகலை போய்ப் பார்த்தாள். செங்கல்லை விட்டுவிட்டு அடுக்கி, சுவர் முழுக்கச் சின்னச் சின்னச் சந்து.

“எதுக்கு பாப்பா செவுத்துல இத்தன ஓட்ட?”

“காத்தோட்டத்துக்குக்கா. சாயந்திர வெயில் உள்ள விழும்போது தரையில ஒரு பேட்டர்ன் வரும், ரொம்ப அழகா இருக்கும்.”

“காத்து வரும். கூடவே ஊசி ஈ வரும், புழு மேல முட்ட வெச்சிட்டுப் போவும். பல்லி வரும், எறும்பு வரும். வெயில் தரையில எப்படி வுழுதுன்னு புழு பாத்துக்கிட்டிருக்காது.”

நைலான் வலை அடிப்பதற்கு இன்னொரு டிஸ்கஷன். வலை அடித்தால் போட்டோவில் நிழல் மங்கிவிடுமாம். இரண்டாம் நாள் மணிமேகலையே ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிய பிறகுதான் அது முடிந்தது.

நவநீதனுக்கு இதெல்லாம் திருவிழா. விடிந்தால் அங்கேதான். “அண்ணா, இந்த மூங்கில் எப்படிண்ணா ஜாயின்ட் பண்றது?” என்று அவர்கள் கேட்கக் கேட்க மேஸ்திரி ஆகிவிட்டான். மாட்டைப் பிடித்துக் கட்டக்கூடக் கூப்பிட்டால் வருவதில்லை.

அவள் முதல்நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பெயின்ட் கூடாது, பூச்சிமருந்து ஆகவே ஆகாது, பீடி சிகரெட் கொட்டாய்ப் பக்கமே வரக் கூடாது, கொசுவத்தி கூடாது. சுசித்ரா நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். அந்த வார்த்தையைப் பிள்ளைகள் காப்பாற்றவும் செய்தார்கள். மேற்குச் சுவரில் மாதவராஜ் செம்மண்ணும் சாம்பலும் சுண்ணாம்பும் குழைத்து, கையாலேயே பெரிய பெரிய மல்பெரி இலைகளாக இழுத்திருந்தான். மணிமேகலைக்கு அது பிடித்திருந்தது. சொன்னால் இன்னொரு சுவருக்குக் கிளம்பிவிடுவான் என்று வாயை மூடிக்கொண்டாள்.

கடத்தூர்ப் பக்கம் முட்டை பொரித்து இளம்புழுவாக வளர்த்துக் கொடுக்கிற மாரியப்பன் போன் செய்தார்.

“ஏம்மா, ரெண்டு வாட்டி தேதிய மாத்திட்ட. உங்க கட்டடம் முடியட்டும்னு என் புழு பெருக்காம இருக்குமா? வியாழக்கெழம வண்டி வருது. எறக்கிக்கிறியா, வேற ஆளுக்குக் குடுத்துரட்டுமா?”

“எறக்கிக்கிறேங்கண்ணா.”

“போன ரெண்டும் போயிடுச்சி. இதயும் வுட்டுட்டு என் புழுவக் கொற சொல்லாத.”

“உங்களச் சொல்லலீங்கண்ணா. எந் தலையெழுத்து, கட்டடமெல்லாம் படிச்சவங்க கையில போயி மாட்டியிருக்குது.”

வியாழக்கிழமை விடியக்காலை தர்மபுரி ஹாஸ்டலிலிருந்து சோபனாவுக்குக் காய்ச்சல் என்று போன். வண்டி சாயந்திரம்தான் வரும் என்ற தைரியத்தில் மணிமேகலை ஏழு மணி பஸ் ஏறினாள். போகும்போது ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னாள். “வண்டி முந்தி வந்தாலும் நெழல்ல நிறுத்தி வைங்க. நான் வந்துதான் எறக்கணும்.”

பெண்ணை டாக்டரிடம் காட்டி, கஞ்சி குடிக்க வைத்துவிட்டு அவள் திரும்பியபோது மணி மூன்று. புதுக் கொட்டாய் வாசலில் மாவிலை கட்டியிருந்தார்கள். வண்டி மத்தியானமே வந்துவிட்டது. புழு அடுக்கில் ஏறிவிட்டது. முதல் இலை போடுவதை ஆறு பேரும் ஆறு பக்கத்திலிருந்து படம் எடுத்தும் முடித்திருந்தார்கள்.

“நெழல்ல எத்தன நேரம் நிக்கும்? நான் பாக்காத புழுவா?” என்றான் நவநீதன்.

மணிமேகலை பேச்சுக்கு நிற்காமல் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். போட்ட இலை போட்டபடி கிடந்தது. புழு இலைமேல் இல்லை. மூங்கில் தட்டின் ஓரத்துக்கு ஊர்ந்து வந்து, தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது. சிலது வாயில் பச்சையாக நீர் கக்கியிருந்தது. அவள் குனிந்து தட்டை மோந்து பார்த்தாள். அப்புறம் தூணை மோந்தாள், கூரைக் கழியை எக்கி மோந்தாள்.

“என்னா தடவுனீங்க இதுல?”

யாருக்கும் முதலில் புரியவில்லை. சுசித்ராதான் சொன்னாள். “வேப்பெண்ணெய்க்கா. நேத்து ராத்திரி, நீங்க படுத்ததுக்கு அப்புறம். மூங்கில் உளுத்துடக் கூடாதுன்னு. நீங்க கெமிக்கல் கூடாதுன்னு சொன்னீங்கல்ல, அதனாலதான் இயற்கையா.”

“இயற்கையா.”

“செக்குல ஆட்டுன சுத்தமான எண்ணெய்க்கா. அண்ணாதான் பாப்பாரப்பட்டியில போய் வாங்கிட்டு வந்தாங்க.”

மணிமேகலை திரும்பிப் புருசனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“செடியில பூச்சி வுழுந்தா எதங்க அடிக்கறோம்?” என்று அவனைக் கேட்டாள். குரல் உயரவில்லை. “கத்திரிக்காயில புழு வுழுந்தா என்னா கரைச்சி ஊத்தறோம்? வேப்பெண்ணெதானே? புழுவக் கொல்ற எண்ணெய வாங்கியாந்து புழு படுக்கற பாயில பூசியிருக்கீங்க. ஒரு வார்த்த. என்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா வாயி வெந்து போயிடுமா?”

சுசித்ரா நோட்டை எடுக்கவில்லை.

“கழுவிடலாமாக்கா? சோப்புப் போட்டு?”

“மூங்கில் குடிச்ச எண்ணெய எப்படிக் கழுவுவ? கூரைக் கழியெல்லாம் தடவி வெச்சிருக்கீங்க. மூணு மாசம் ஆனாலும் வாசம் போவாது.”

பழைய கொட்டாய் மண்ணோடு மண்ணாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியண்ணன் கொட்டாய் இருக்கிறது, ஆனால் அதில் வேறு வயசுப் புழு இருக்கிறது, சேர்க்க முடியாது. மணிமேகலை வாசலில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் கடைசியில் கண் போய் நின்றது அவள் வீட்டில்தான். ஓட்டு வீடு, கூடம், இரண்டு அறை. உள்ளே குளிர்ச்சியாக இருக்கும்.

“வூட்டக் காலி பண்ணுங்க” என்றாள்.

“எந்த வூட்ட?” என்றான் நவநீதன்.

“நமக்கு இருக்கறது எத்தன வூடு?”

அடுத்த மூன்று மணி நேரம் யாரும் டிஸ்கஷன் செய்யவில்லை. கட்டில், பீரோ, டிவி, அரிசி மூட்டை, சாமி படம், குண்டான், சோபனாவின் பழைய புத்தகம் எல்லாம் வெளியே வந்து, நேராகப் புதுக் கொட்டாய்க்குப் போயின. ஒருத்தி பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தரையும் சுவரும் துடைத்தாள். பெரியண்ணன் இரும்புச் சட்டத்தில் நைலான் கயிறு போட்ட பழைய அடுக்கைத் தந்து உதவினார். ஜன்னலுக்கு வலை போதாமல் மணிமேகலையின் மூன்று நைலக்ஸ் புடவை போனது. எண்ணெய்த் தட்டின் மேல் அவள் இலையோடு புதிதாக வெட்டிய மல்பெரிக் குச்சிகளைப் பரப்பினாள். தெம்பு இருந்த புழு இலையைப் பிடித்து ஏறியது. ஏறியதைக் குச்சியோடு தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். ஏறாததை அவள் தொடவில்லை. இருட்டுவதற்குள் முடிந்தது. மூன்றில் ஒரு பங்கு தட்டிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் நான்கு பேர் சென்னைக்குக் கிளம்பினார்கள். பரீட்சையாம். சுசித்ராவும் மாதவராஜும் நின்றுவிட்டார்கள். மணிமேகலை இருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. ஆளுக்கொரு கொடுவாளைக் கொடுத்தாள்.

பொழுது கிளம்புவதற்குள் இலை வெட்ட வேண்டும், வெயில் ஏறினால் வாடிவிடும். ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். வேளாவேளைக்குப் போட வேண்டும், எச்சம் வாற வேண்டும், சுண்ணாம்பு தூவ வேண்டும், தோலுரிக்கப் படுத்தால் தொடாமல் இருக்க வேண்டும். மாதவராஜ் முதல்நாள் குச்சிகளைச் சுழல் சுழலாக வட்டம் கட்டி அடுக்கி வைத்திருந்தான்.

“என்னா தம்பி இது?”

“சும்மாக்கா, பார்க்க நல்லா இருக்கும்னு.”

“புழுவுக்குக் கோலம் போடாத. நீட்டுக்கு வை. அதுங்களுக்குப் பசி.”

சமையல், சாப்பாடு, படுக்கை எல்லாம் புதுக் கொட்டாயில். சாயந்திரமானால் ஓட்டைச் சுவர் வழியாக வெயில் வந்து டிவி மேலும் குண்டான் மேலும் பூப்பூவாக விழுந்தது. வேப்பெண்ணெய் வாசத்தில் ஒரு கொசு அண்டவில்லை. படுத்தால் நன்றாகத் தூக்கம் வந்தது. அதுதான் மணிமேகலைக்கு இன்னும் எரிச்சல். புழுவைத் தவிர மற்ற எல்லாருக்கும் பொருத்தமாகக் கட்டியிருக்கிறார்கள்.

நவநீதன் நான்கு நாள் மாட்டுப் பக்கமே ஒதுங்கிக் கிடந்தான். ஐந்தாம் நாள் யாரும் கூப்பிடாமலேயே இலைக் கட்டைத் தலையில் தூக்கி வந்தான். பன்னிரண்டாம் நாள், “இது தேறுமா?” என்றான்.

“எனக்குத் தெரியாது.”

“தேறலன்னா...”

“தெரியும். சொல்ல வேணாம். மரவள்ளி, பெங்களூரு. எனக்கு மனப்பாடம்.”

அவன் சாக்கை நனைக்கப் போய்விட்டான். புழு செத்தால் அடுத்த புழு வாங்கலாம். இவன் போனால் மறுபடி அந்தச் சனிக்கிழமைகள்தான். அதை அவனிடம் எப்படிச் சொல்வதென்று இந்தப் பதினேழு வருசத்தில் அவள் கற்றுக்கொள்ளவில்லை.

பேராசிரியர்கள் இருபத்தோராம் நாள் வந்தார்கள். மூன்று பேர், ஒரு பெரிய கார். போயிருந்த நான்கு பிள்ளைகளும் சுருட்டிய படங்களோடு கூட வந்து இறங்கினார்கள். அன்றைக்குக் காலையில்தான் புழு பழுத்தது. பச்சைவெள்ளை போய், உடம்பு கண்ணாடியாக மஞ்சள் ஓடி, இலையை விட்டுத் தலையைத் தூக்கிவிட்டது. பழுத்த புழுவை உடனுக்குடன் பொறுக்கிக் கூடு கட்டுகிற வலையில் விட வேண்டும். தவறினால் கிடந்த இடத்திலேயே நூலைத் துப்பி வீணாக்கிவிடும்.

“சுசித்ரா, ஆரம்பிக்கலாமா?” என்று மூத்த பேராசிரியர் வாசலிலிருந்து கூப்பிட்டார்.

“சார், சாயந்திரம் பண்றோம் சார். புழு பழுத்துடுச்சு.”

“அஞ்சு மணிக்கு நாங்க சேலத்துல இருக்கணும்மா.”

“அப்ப மார்க் அப்புறம் போட்டுக்கோங்க சார்” என்றாள் அந்தப் பெண். உள்ளே மணிமேகலை நிமிர்ந்து பார்த்தாள். சுசித்ரா திரும்பிக்கூடப் பார்க்காமல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வந்த நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, படங்களை மாட்டுத் தொட்டிமேல் வைத்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

ஆகவே கட்டடத்தைச் சுற்றிக் காட்டுகிற வேலை நவநீதனுக்கு விழுந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பேசுவது புடவை வழியாக மணிமேகலைக்குத் தெளிவாகக் கேட்டது.

“புழு வளர்க்கிற இடத்துல கட்டில் இருக்கே?” என்றார் பேராசிரியர்.

“அது ஒரு சின்ன மாத்தங்க. நாங்க இதுல இருக்கறோம், புழு வூட்டுல இருக்குது.”

“யாரோட யோசனை?”

“எங்க யோசனதாங்க.”

எங்க யோசனை. மணிமேகலை பல்லைக் கடித்தாள். இரண்டு உள்ளங்கையிலும் பழுத்த புழு நெளிந்துகொண்டிருந்தது, இல்லையென்றால் வெளியே போயிருப்பாள்.

“இந்த மூங்கில் வேலை, வளைவு எல்லாம் நீங்க செஞ்சதுன்னு பசங்க சொன்னாங்க. நல்ல கைங்க உங்களுக்கு. பெங்களூர்ல என் நண்பர் இந்த மாதிரி மண் வீடுங்க நிறைய கட்டறார். மேஸ்திரி கிடைக்காம கஷ்டப்படறார். தங்க இடம், நல்ல சம்பளம். வர்றீங்களா?”

மணிமேகலையின் கை நின்றது. புழு தேறிவிட்டது. இன்னும் மூன்று நாளில் வலை முழுக்கக் கூடு வெள்ளையாகத் தெரியும். இருபத்தொரு நாள் இடுப்பொடிந்து இதைத் தேற்றியது எதற்காகவோ, அது இப்போது ஜன்னலுக்கு வெளியே கார் ஏறப் போகிறது. சுசித்ரா அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டாள்.

வெளியே மூங்கில் கழியை யாரோ தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

“எப்ப வரணுங்க?” என்றான் நவநீதன்.

“அடுத்த மாசமே.”

அப்புறம் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“எம் பொண்டாட்டியக் கேக்கணுங்க. கேக்காம சொல்ல முடியாதுங்க.”

செருப்புச் சத்தம் ஜன்னலை நோக்கி வந்தது. பூப்போட்ட புடவைக்குப் பின்னால் அவன் உருவம் வந்து நின்றது.

“மணி.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“பெங்களூர்ல வேலையாம். சார் கூப்புடறார். போவட்டுமா, வேணாமா?”

பதினேழு வருசம் கேட்காதவன், இரண்டு கையும் புழுவாக இருக்கிற நேரம் பார்த்து, ஆறு பிள்ளைகளும் மூன்று பேராசிரியர்களும் கேட்க வந்து கேட்கிறான். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை. அது வேறு எரிச்சல்.

“வேணாம்” என்றாள்.

“சரி” என்றான் அவன். அவ்வளவுதான். அந்தப் பக்கம் திரும்பி, “வேணாங்களாம் சார்” என்றான்.

“என்னாத்துக்கு அங்கயே நிக்கறீங்க?” என்று மணிமேகலை உள்ளேயிருந்து கத்தினாள். “உள்ள வாங்க. மேல் அடுக்கு எனக்கு எட்டல.”